வெயிலில் வாசிக்க முடியாத பஸ் பலகை

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். கடந்த வியாழக்கிழமை பகல் 11.30 மணி இருக்கும். கண்புரை அறுவை முடிந்த என் மனைவியை மறுசோதனைக்கு அழைத்துப் போவதற்காக பெங்களூரில் எங்கள் வீட்டருகே உள்ள பஸ் நிறுத்தத்தில் நின்றிருந்தேன். நிழற்குடையின் முன்விளிம்பில், அடுத்து வரும் பஸ்களைக் காட்டுவதற்கென்று ஓர் எல்.ஈ.டி. பலகை தொங்குகிறது. அதில் சிவப்பாக ஏதோ நகர்ந்தது, என்னவென்று தெரியவில்லை. கையிலிருந்த குடையை விரித்துப் பலகைக்கு மேலே தூக்கிப் பிடித்தேன். நிழல் விழுந்த அகலத்துக்கு மட்டும் எழுத்து தெரிந்தது. அது பஸ் எண் அல்ல, மனை விற்பனை விளம்பரம் ஒன்றின் கடைசி வார்த்தைகள். விளம்பரம் ஓடி முடிந்து பஸ் எண் வருவதற்குள் கை ஓய்ந்துவிட்டது.

பக்கத்தில் பூக்கூடையோடு ஓர் அம்மா நின்றிருந்தார். அறுபது வயதைத் தாண்டியவர். கனகாம்பரத்தின் மேல் ஈரத்துணியைப் போர்த்தி, பாட்டில் தண்ணீரை அவ்வப்போது தெளித்துக்கொண்டிருந்தார். “அண்ணா, சிவாஜி நகர் வண்டி எப்போது வரும் என்று அதில் போட்டிருக்கிறதா, கொஞ்சம் பார்த்துச் சொல்லுங்கள்” என்றார். நான் பலகையையே பார்த்துக்கொண்டிருந்த நேரத்தில் ஒரு பஸ் நிறுத்தத்தைத் தாண்டிப் போனது. பின்கண்ணாடியில் எண்ணைப் பார்த்த பிறகுதான் அது அவருடைய வண்டி என்று தெரிந்தது. யாரும் கை காட்டவில்லை, ஓட்டுநரும் நிறுத்தவில்லை, அவர்மேல் குற்றமில்லை. அந்த அம்மா ஒன்றும் சொல்லவில்லை. துணியை விலக்கிப் பூவைத் தொட்டுப் பார்த்தார். மறுபடியும் மூடி, பாட்டிலில் மிச்சமிருந்த தண்ணீர் முழுவதையும் அதன்மேல் ஊற்றினார்.

பலகையை வைத்தது யார், பராமரிப்பது யார் என்று விரல் நீட்ட இதை எழுதவில்லை. பலகை பழுதாகி இருந்திருந்தால் ஒரு புகாரோடு முடிந்திருக்கும். விளக்கு எரிகிறது, எழுத்து ஓடுகிறது, எல்லாம் சரியாகவே வேலை செய்கிறது. ஆனாலும் படிக்க முடியவில்லை. கூரைக்குக் கீழே இருக்க வேண்டிய பொருளைக் கொண்டுபோய் வெட்டவெளியில் மாட்டியிருக்கிறோம். வெட்டவெளிக்கென்றே பொருத்தமான வேறொரு பலகை உலகத்தில் இருக்கிறது. அதைப் பற்றி நம் ஊரில் போதிய பேச்சு இல்லையே என்ற ஆதங்கத்தில் எழுதுகிறேன்.

எழுத்தைப் பற்றி எனக்குக் கொஞ்சம் தெரியும். 1974-இல், என் பதினாறாவது வயதில், ஆம்பூரிலிருந்து பெங்களூருக்கு வந்து சிவாஜி நகரில் ஒரு மாஸ்டரிடம் போர்டு எழுதக் கற்றுக்கொண்டேன். கடைப் பலகை, லாரிக் கதவு, பள்ளிக்கூடச் சுவர், கோயில் நன்கொடையாளர் பட்டியல் என்று எழுதாதது இல்லை. நகரப் பஸ்கள் பி.டி.எஸ். என்ற பெயரில் ஓடிய காலத்தில், முன்புறம் செருகுகிற தகரப் பலகைகளும் எழுதியிருக்கிறேன். எங்கள் மாஸ்டர் ஒரு பலகையை எழுதி முடித்தவுடன் கூலி வாங்கவிட மாட்டார். எனாமல் காய்வதற்கு முன்பே உச்சிவேளையில் தெருவுக்குத் தூக்கிக்கொண்டு போய்ச் சுவரில் சாய்த்து வைக்கச் சொல்வார். நாற்பது தப்படி பின்னால் நடந்து, அங்கிருந்து திரும்பிப் படிக்க வேண்டும். தடுமாறினால் டர்பன்டைன் துணியால் துடைத்துவிட்டு முதலிலிருந்து எழுத வேண்டும். பத்து அடி தூரத்துக்கு ஓர் அங்குல உயரம் என்பது அவர் கணக்கு. ரயில் நிலையப் பெயர்ப் பலகை ஏன் மஞ்சளில் கறுப்பாக இருக்கிறது, 3-க்கு ஏன் வாயை அகலத் திறக்க வேண்டும், 8-க்கு ஏன் இடுப்பை இறுக்க வேண்டும் என்பதெல்லாம் அந்தத் தெருவில் கற்றவை. பிறகு ஃபிளெக்ஸ் வந்தது, எங்கள் தொழில் போனது. அது வேறு கதை.

விளக்கால் எழுதிய எழுத்துக்கும் பெயின்ட்டால் எழுதிய எழுத்துக்கும் அடிப்படையிலேயே ஒரு வேறுபாடு இருக்கிறது. பெயின்ட் தானாக ஒளி விடுவதில்லை. தன்மேல் விழும் வெளிச்சத்தைத் திருப்பி அனுப்புகிறது. வெயில் ஏற ஏற மஞ்சள் பளிச்சிடுகிறது, கறுப்பு கறுப்பாகவே நிற்கிறது, எழுத்து இன்னும் தெளிகிறது. எல்.ஈ.டி. தன் ஒளியை வைத்துக்கொண்டு சூரியனோடு மல்லுக்கு நிற்க வேண்டும். வெளிச்சத்தை லக்ஸ் என்ற அலகால் அளப்பார்கள். நல்ல வெளிச்சமுள்ள வீட்டு அறையில் சில நூறு லக்ஸ் ஒளி இருக்கும்; உச்சி வெயிலில் அது ஒரு லட்சம் லக்ஸை எட்டும் என்று மின்னணுவியல் படித்த என் மகள் சொன்னாள். அதை வெல்ல வேண்டுமென்றால் பலகையை மேலும் மேலும் பிரகாசமாக்க வேண்டும், மின்சாரத்தை அள்ளிக் கொட்ட வேண்டும். அந்த அளவுக்குப் பிரகாசமாக்கியதை இரவில் குறைக்காமல் விட்டால், எதிரே வருகிற ஓட்டுநருக்கும் கண் கூசும், என் மனைவியைப் போன்றவர்களுக்கும் கண்ணில் நீர் வடியும். மெட்ரோ ரயில் நிலையத்துக்குள் இதே எல்.ஈ.டி. எழுத்துகள் அழகாகத் தெரிகின்றன. அங்கே தலைக்கு மேல் கூரை இருக்கிறது.

இன்னொன்றும் கவனித்தேன். எங்கள் நிறுத்தத்துப் பலகையில் மேலிருந்து கீழாக 16 வரிசைப் புள்ளிகள்தான். இங்கிலீஷ் எழுத்துக்கு அது போதும். கன்னடத்துக்குப் போதாது. கன்னடத்தில் இரட்டிக்கும் மெய்யெழுத்து முதல் எழுத்துக்குக் கீழே ஒட்டிக்கொள்ளும். அதை ஒத்தக்ஷரம் என்பார்கள். பையப்பனஹள்ளி, மாரத்தஹள்ளி, பொம்மனஹள்ளி என்று இந்த ஊரில் ‘ஹள்ளி’யில் முடிகிற இடங்கள் எத்தனை! ஒவ்வொன்றிலும் அந்தக் கடைசி ‘ள்ளி’க்கு அடியில் இடம் வேண்டும். பிரஷ் பிடித்த காலத்தில் கன்னடப் பலகைக்கு நூல் போட்டு வரிக்கோடு குறிக்கும்போது நாங்கள் கீழே மூன்றில் ஒரு பங்கை விட்டுவிட்டுத்தான் தொடங்குவோம். பதினாறு வரிசையில் அதைத் திணிக்கும்போது மேலெழுத்தும் நசுங்குகிறது, கீழெழுத்தும் ஒரு கறைபோல ஆகிவிடுகிறது. இந்த மண்ணின் மொழியைப் பலகையில் வைத்துவிட்டு அதைப் படிக்க முடியாமல் செய்வது எனக்கு மிகவும் வேதனையாக இருக்கிறது. போதாக்குறைக்குப் புள்ளிகள் ஒவ்வொன்றாகச் சாகின்றன. இடது ஓரத்துப் புள்ளி வரிசை அணைந்துபோனால் 8 என்பது 3 ஆகிவிடுகிறது. எண்ணை மட்டுமே நம்பி பஸ் ஏறுகிறவர்களை அது வேறு ஊருக்கு அனுப்பிவிடும்.

அப்படி எண்ணை மட்டும் நம்புகிறவர்கள் யார் என்று கேட்கலாம். பூக்கார அம்மாவுக்கு எந்த மொழியும் படிக்கத் தெரியாது. எண்களின் உருவம் தெரியும். மர்ஃபி டவுனிலிருந்தும் எங்கள் தெருவிலிருந்தும் ஆயத்த ஆடைத் தொழிற்சாலைகளுக்குப் போகிற பெண்கள் பலருக்கு, தமிழ் பேச வரும், கன்னடம் பேச வரும், வாசிக்க எண் மட்டுமே வரும். 2023 ஜூன் 11 முதல் கர்நாடகத்தில் பெண்களுக்கு அரசு பஸ்களில் இலவசப் பயணம் வந்த பிறகு, முன்பு இரண்டு மூன்று கிலோமீட்டர் நடந்தே போனவர்களும் இப்போது நிறுத்தத்தில் நிற்கிறார்கள். அவர்களிடம், பஸ் எங்கே வருகிறது என்பதைச் செல்போனில் பார்த்துக்கொள்ளுங்கள் என்று சொல்வது எளிது. பலரிடம் பொத்தான் போன்தான் இருக்கிறது. ஸ்மார்ட்போன் இருந்தாலும் அது பள்ளிக்கூடத்துப் பிள்ளையின் கையில் வீட்டில் இருக்கும். தகவல் நிறுத்தத்திலேயே, கண்ணுக்கு எதிரே, யாரையும் கேட்காமல் தெரிந்துகொள்ளும்படி இருக்க வேண்டும்.

இனி, நான் சொல்ல வந்த பலகை. ஈ-பேப்பர் என்று அதற்குப் பெயர். நம் ஊரில் அந்தச் சொல் நாளிதழின் இணையப் பதிப்பைக் குறிக்கப் பழகிவிட்டதால் மின்தாள் என்றே எழுதுகிறேன். என் மகள் புத்தகம் படிக்க ஒரு கருவி வைத்திருக்கிறாள். ஒரு ஞாயிற்றுக்கிழமை, மொட்டைமாடியில் வடகம் காயவைக்கும்போது அதைக் கட்டைச் சுவரின் மேல் மறந்து வைத்துவிட்டுப் போய்விட்டாள். எடுத்துப் போகலாம் என்று கையில் எடுத்தவன் அங்கேயே நின்றுவிட்டேன். உச்சி வெயிலில் எழுத்துகள் அச்சடித்த தாள்போல் கறுகறுவென்று நின்றன. என் செல்போனைப் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன். அதன் திரையில் என் முகம்தான் தெரிந்தது. கீழே போய், நுணுக்க வேலைக்கு நான் வைத்திருந்த பூதக்கண்ணாடியை எடுத்து வந்தேன். எழுத்தின் ஓரம் லேசாகப் பொரிந்தாற்போல், நல்ல காகிதத்தில் மை இறங்கியதைப்போல் இருந்தது. ஒளிரும் புள்ளி ஒன்றுகூட இல்லை. பிறகு ஒரு நாள் அதன் பேட்டரி முழுக்கத் தீர்ந்துபோனது. அப்போதும் திரையில் இருந்த படம் அழியாமல் அப்படியே இருந்தது. பெயின்ட் செய்கிற வேலையை ஒரு கருவி செய்வதை அறுபத்தெட்டு வயதில் பார்த்தேன்.

அது எப்படி என்று மகள் விளக்கினாள். திரைக்குள் தலைமுடியின் பருமனே உள்ள குமிழ்கள் லட்சக்கணக்கில் பரப்பியிருக்கும். ஒவ்வொரு குமிழுக்குள்ளும் தெளிந்த எண்ணெய், அதில் மிதக்கும் வெள்ளைத் துகள்கள், கறுப்புத் துகள்கள். வெள்ளைக்கு ஒரு மின்னேற்றம், கறுப்புக்கு அதற்கு எதிர் மின்னேற்றம். பின்னாலிருந்து மின்சாரம் ஒரு திசையில் தள்ளினால் வெள்ளை மேலே வரும். மறு திசையில் தள்ளினால் கறுப்பு வரும். மேலே வந்தது அடுத்த உத்தரவு வரும்வரை அங்கேயே நிற்கும். நிற்பதற்கு மின்சாரம் வேண்டாம், மாறுவதற்கு மட்டும் வேண்டும். அந்த வெள்ளைத் துகள் என்ன என்று கேட்டேன். டைட்டானியம் டை ஆக்சைடு என்றாள். எனக்கு உடம்பு சிலிர்த்துவிட்டது. நாற்பது வருடம் நான் டப்பா டப்பாவாகக் குழைத்துப் பூசிய வெள்ளை எனாமலின் உயிரே அந்தப் பொடிதான். குமரி மாவட்டத்து மணவாளக்குறிச்சியிலும் கேரளத்துச் சவராவிலும் கடற்கரைக் கருமணலில் கிடைக்கும் இல்மனைட் தாதுவிலிருந்து எடுக்கிற அதே வெள்ளை.

இது நேற்று முளைத்த சரக்கல்ல. 1970-களிலேயே அமெரிக்காவில் ஜெராக்ஸ் நிறுவன ஆய்வுக்கூடத்தில் நிக் ஷெரிடன் என்பவர், பாதி கறுப்பும் பாதி வெள்ளையுமான சிறு உருண்டைகளை மின்சாரத்தால் புரட்டி எழுத்து வரவழைத்தார். குமிழ் முறையை மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்தில் ஜோசப் ஜேக்கப்சனும் அவருடைய மாணவர்களும் உருவாக்கினார்கள். 1997-இல் அதற்கென ஈ இங்க் நிறுவனம் தொடங்கப்பட்டது. 2004-இல் சோனியின் படிப்புக் கருவியிலும் 2007-இல் கிண்டிலிலும் அது மக்கள் கைக்கு வந்தது. சாலைக்கும் வந்துவிட்டது. 2015-இல் சிட்னி நகரில் போக்குவரத்து அறிவிப்புப் பலகைகளை மின்தாளில் அமைத்தார்கள். அதையொட்டிய காலத்திலேயே லண்டனில் சில பஸ் நிறுத்தங்களில் சூரிய ஒளியில் இயங்கும் மின்தாள் பலகைகளைச் சோதித்துப் பார்த்தார்கள். பாஸ்டன் நகர ரயில் நிறுவனமும் தரைமட்ட நிறுத்தங்களில் அதே வழியில் முயன்றது.

பாஸ்டனும் லண்டனும் குளிர் நாட்டு ஊர்கள், சூரியனுக்கு ஏங்குகிற ஊர்கள். அங்கேயே ஒரு சிறு சோலார் தகட்டில் பலகை இயங்குமென்றால் பெங்களூரில் ஏன் இயங்காது? பஸ் வரும் செய்தியை வாங்குகிற சிம் கார்டுக்கும் அதன் கருவிக்கும் எப்போதும் கொஞ்சம் மின்சாரம் வேண்டும். அதையும் சேர்த்தே ஒரு சின்னத் தகடும் பேட்டரியும் தாங்கும். இதில் எனக்குப் பெரிதாகப் படுவது, கேபிளுக்காக நடைபாதையைத் தோண்ட வேண்டியதில்லை என்பது. இந்த ஊரில் ஒருமுறை தோண்டிய நடைபாதை பழைய நிலைக்குத் திரும்ப எத்தனை மாதமாகும் என்பதை வாசகர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. நிழற்குடைகூட இல்லாமல் ஒரு கம்பம் மட்டும் நட்டிருக்கிற நிறுத்தங்கள் எத்தனையோ இருக்கின்றன. மின்தாளை அந்தக் கம்பத்திலேயே மாட்டலாம். மே மாதத்து மாலை மழையில் மரம் விழுந்து தெருவே இருண்டு கிடக்கும்போது, எல்.ஈ.டி. பலகையும் சேர்ந்து இருண்டுவிடும். பஸ் எங்கே இருக்கிறது என்று தெரிந்தாக வேண்டிய நேரமே அதுதான்.

குறைகளையும் சொல்லிவிடுகிறேன், மறைத்து எழுதினால் விற்பனைக்கு வந்தவன் எழுதியதுபோல் ஆகிவிடும்.

மின்தாள் தானாக ஒளிராது. இரவில் அதன்மேல் வெளிச்சம் விழ வேண்டும். கடைப் பலகைக்கு மேலே நாங்கள் ஒரு டியூப் லைட் மாட்டச் சொல்வதுபோல், ஓரத்தில் சிறிய விளக்கு ஒன்று போதும். ஆள் அருகே வரும்போது மட்டும் எரியும்படியும் அமைக்கலாம். படம் மாறும்போது ஒரு கணம் கறுத்து வெளுத்துச் சிமிட்டும். சினிமாப்போல் எதையும் ஓடவிட முடியாது. அது எனக்கு நிறைவாகவே தோன்றுகிறது. எழுத்து ஓடாமல் நின்றால்தான் வயதானவர்கள் படிக்க முடியும். வெப்பமும் ஒரு சிக்கல்: சாதாரண மின்தாள் 50 டிகிரி வரைதான் ஒழுங்காக வேலை செய்யும். பெங்களூரில் 2016 ஏப்ரலில் 39.2 டிகிரி பதிவானதே பெரிய செய்தியாக இருந்தது. அந்த அளவைப் பார்த்தால் டெல்லிக்காரர்களைவிட நமக்குக் கவலை குறைவு. ஆனால் கண்ணாடி போட்ட இரும்புப் பெட்டியை நேர் வெயிலில் அடைத்து வைத்தால் உள்ளே சூடு வெளியே உள்ளதைவிட வெகுவாக ஏறிவிடும். காற்றோட்டமும் தலைக்கு மேல் சிறு கூரைத் தகடும் கட்டாயம் வேண்டும். விலையும் எல்.ஈ.டி.யைவிட அதிகம். மின்கட்டணம், கேபிள், தோண்டும் கூலி எல்லாவற்றையும் சேர்த்துப் பார்த்துவிட்டு எது மலிவு என்று முடிவு செய்ய வேண்டும்.

இவற்றையெல்லாம்விட எனக்கு அச்சம் தருவது வேறொன்று. மின்தாளின் சிறப்பே அதன் ஆபத்தாகவும் ஆகலாம். எல்.ஈ.டி. பலகைக்கு மின்சாரம் நின்றால் அது இருட்டாகிவிடும்; பார்க்கிறவருக்குப் பலகை வேலை செய்யவில்லை என்று புரிந்துவிடும். மின்தாளில் கடைசியாக இருந்த எழுத்து அப்படியே நிற்கும். ‘3 நிமிடத்தில் வரும்’ என்று காலை ஒன்பது மணிக்கு எழுதியது, தொடர்பு அறுந்துபோனால், மாலை ஆறு மணிக்கும் 3 நிமிடம் என்றே சொல்லிக்கொண்டிருக்கும். பூக்கார அம்மா அதை நம்பி நிற்பார். இருட்டான பலகை ஏமாற்றாது, பொய்யான பலகை ஏமாற்றும். அதனால் இரண்டு ஏற்பாடுகள் கண்டிப்பாக வேண்டும் என்பது என் கருத்து. எழுத்து எத்தனை மணிக்கு மாறியது என்பதைப் பலகையின் மேல்மூலையில் கொட்டை எண்ணில் காட்ட வேண்டும். அதோடு, ஐந்து நிமிடத்துக்குப் புதிய செய்தி வராவிட்டால் பலகை தானே நிமிடக் கணக்கை அழித்துவிட்டு, வழக்கமான கால அட்டவணையை மட்டும் காட்ட வேண்டும். அப்படி அழிப்பதற்கு வேண்டிய மின்சாரத்தைப் பேட்டரியில் எப்போதும் தனியே ஒதுக்கி வைத்திருக்க வேண்டும். வாங்குகிறவர்கள் ஒப்பந்தத்தில் இதை எழுதவில்லையென்றால் விற்கிறவர்கள் செய்து தர மாட்டார்கள்.

பலகையை நம்பும்படி செய்வது பஸ்ஸில் இருக்கிற ஜிபிஎஸ் கருவியும்தான். அது சரியாக இடத்தைச் சொன்னால்தான் நிறுத்தத்தில் நிமிடம் சரியாக வரும். அது இல்லாமல் எவ்வளவு நல்ல பலகையைக் கொண்டுவந்து மாட்டினாலும் பயனில்லை. ஆனால் ஜிபிஎஸ் சரியாகட்டும், பிறகு பலகையைப் பார்க்கலாம் என்று காத்திருக்கவும் வேண்டாம். எந்தெந்த வண்டி இந்த நிறுத்தத்துக்கு வரும், கடைசி வண்டி எத்தனை மணிக்கு, இன்று எந்தத் தடம் திருப்பிவிடப்பட்டிருக்கிறது என்ற மூன்றையும் காட்டினாலே பாதிச் சுமை இறங்கிவிடும். இன்றைக்கு எங்கள் நிறுத்தத்தில் அதுவும் இல்லை. முன்பு யாரோ ஒட்டிய தாள் மழையில் ஊறிக் கிழிந்து, அதன்மேல் டியூஷன் விளம்பரம் ஒட்டியிருக்கிறது.

மொழியைப் பற்றி ஒரு வார்த்தை. தமிழிலும் எழுதுங்கள் என்று கேட்பதற்கு இந்தக் கடிதத்தை எழுதவில்லை. அரை நூற்றாண்டாக இந்த ஊர் எனக்குச் சோறு போட்டிருக்கிறது. நான் எழுதிய பலகைகளில் பாதிக்கு மேல் கன்னடம்தான். கன்னடம் பெரிதாக, ஒத்தக்ஷரம் நசுங்காமல், மொழிகளில் முதலாவதாக இருக்க வேண்டும். மின்தாளில் புள்ளிகள் மிக நெருக்கமாக இருப்பதால் ‘ஹள்ளி’ அழகாக விழும். அதற்கு மேலே பஸ் எண், எல்லாவற்றையும்விடப் பெரிதாக: ஓர் அடி இரண்டு அடியில் நின்று படிக்க அல்ல, சாலையின் அந்தப் பக்கத்திலிருந்து ஓடி வருகிறவர் படிக்க. நாற்பது அடி என்று வைத்துக்கொண்டால் என் மாஸ்டர் கணக்குக்கு நான்கு அங்குல எண். ஒரு பலகையில் மூன்று வண்டிகள் போதும். பத்து வண்டிகளைச் சிறிய எழுத்தில் அடைத்தால் கண் தெரிந்தவருக்கும் பயன்படாது. பார்வை இல்லாதவர்களுக்குப் பொத்தானை அழுத்தினால் வாய்விட்டுச் சொல்லும் வசதியோடும் இத்தகைய பலகைகள் வருகின்றன. அதைக் கூடுதல் செலவு என்று யாரும் தள்ளிவிடக் கூடாது. என் மனைவியின் இடது கண்ணுக்கு இன்னும் அறுவை ஆகவில்லை. கட்டுப் போட்ட ஒரு வாரம் முழுவதும் அவர் என் தோளைப் பிடித்துக்கொண்டுதான் தெருவைக் கடந்தார்.

விளம்பரம் வேண்டாம் என்று சொல்லவில்லை. நிழற்குடையைப் பராமரிக்க அந்தப் பணம் தேவைப்படலாம். அதற்குப் பின்சுவர் இருக்கிறது, பக்கச் சுவர் இருக்கிறது. பஸ் எண் வருகிற பலகையில் மட்டும் வேறெதுவும் வரக் கூடாது.

ஒரேயடியாக ஊர் முழுவதும் மாற்றச் சொல்லவும் நான் துணியமாட்டேன். மார்ச் பிறப்பதற்குள் பத்து நிறுத்தங்களில் மாட்டிப் பார்க்கட்டும். மரநிழல் உள்ளது ஐந்து, நிழலே இல்லாதது ஐந்து. கோடை முழுவதும் இருக்கட்டும், முதல் மழையையும் பார்க்கட்டும். சரியா இல்லையா என்று தீர்ப்புச் சொல்கிறவர்கள் ஏ.சி. அறையில் மேசைமேல் வைத்துப் பார்த்துவிட்டுக் கையெழுத்துப் போடாமல், உச்சிவேளையில் நிறுத்தத்துக்கு வந்து நாற்பது தப்படி பின்னால் நடக்கட்டும். அவர்களோடு பூ விற்கிறவர்களையும், ஆடைத் தொழிற்சாலைப் பெண்களையும், கண்ணாடி போட்ட முதியவர்களையும் நிற்கவைத்து, என்ன தெரிகிறது என்று கேட்கட்டும். கூப்பிட்டால் நானும் என் மனைவியும் வருகிறோம். கூலி ஒன்றும் வேண்டாம்.

இந்தக் கடிதத்தோடு ஒரு சார்ட் தாளை மடித்து வைத்திருக்கிறேன். மூன்று வண்டிகளுக்கான பலகையை, எண் நான்கு அங்குலம், கன்னடம் இரண்டு அங்குலம், கீழே ஒத்தக்ஷரத்துக்கு இடம், மேல்மூலையில் நேரம் என்று முழு அளவில் கறுப்பு மையில் எழுதியிருக்கிறேன். கை முன்போல் நிற்கவில்லை, அதனால் நூல் போட்டு எழுதினேன். உங்கள் பக்கத்தில் அதை அச்சிட இடம் இருக்காது என்று தெரியும். பஸ் நிறுத்தங்களைக் கவனிக்கிற அலுவலகத்துக்கு உங்கள் நிருபர் யாராவது போகும்போது அதைக் கொடுத்துவிட்டால் மிகவும் நன்றியுடையவனாக இருப்பேன். தாளை உள்ளே வைத்துப் பார்க்க வேண்டாம், வெளியே வெயிலில் பிடித்துப் பார்க்கச் சொல்லுங்கள்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற போர்டு ஆர்ட்டிஸ்ட் ஒருவர்,
அல்சூர், பெங்களூரு.